மனம் தளர்ந்தால் உடலும் தளரும்

வணிகர்கள் தங்கள் உடல்நலத்தையும் மனஉறுதியையும் காத்துக்கொள்ளும் வழிகள்

ஒரு மளிகைக் கடையின் மூலதனம் எது என்று கேட்டால் சரக்கு என்போம். கடை இருக்கும் இடம் என்போம். பல ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த நாணயம் என்போம். மூன்றும் சரிதான். ஆனால் நம்மைப் போன்ற சிறு வணிகர்களுக்கு நான்காவதாக ஒரு மூலதனம் உண்டு. கல்லாவில் அமர்ந்திருக்கும் முதலாளியின் உடம்புதான் அது. பெரிய நிறுவனத்தில் மேலாளர் ஒரு மாதம் படுத்துவிட்டால் அடுத்தவர் வந்து அமர்வார். நம் கடையில் முதலாளி பத்து நாள் படுத்தால் கொள்முதல் நின்றுபோகும். வர வேண்டிய நிலுவை வராது. வாடிக்கையாளர் அடுத்த தெருக் கடைக்குப் போய்ப் பழகிவிடுவார். சரக்குக்குத் தீ விபத்துக் காப்பீடு எடுக்கிறோம். தராசுக்கு முறைப்படி முத்திரை வைக்கிறோம். குளிர்பதனப் பெட்டியைக்கூட ஆள் வைத்துப் பராமரிக்கிறோம். உடம்பை மட்டும் பழுதான பிறகுதான் திரும்பிப் பார்க்கிறோம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும் என்பது நாம் எல்லோரும் சொல்லும் பழமொழி. அந்தச் சுவர் எப்படி விரிசல் விடுகிறது என்று மட்டும் நாம் அதிகம் யோசிப்பதில்லை. உடம்பு கெடுவதற்கு உணவும் வயதும் மட்டும் காரணம் அல்ல. மனம் நாள்கணக்கில் சுமக்கும் கவலையும் ஒரு காரணம் என்பதை மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வருகிறது. உடம்பைச் சீராக வைத்திருப்பவரின் மனம் எளிதில் உடைவதில்லை என்பதும் தெரியவந்துள்ளது. இந்த இரண்டுக்கும் உள்ள தொடர்பை நம் அன்றாடக் கடை வாழ்க்கையோடு பொருத்திக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கவலை வந்தால் உடம்பில் நடப்பது என்ன?

மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலை கணக்கில் பணமில்லாமல் திரும்பிவிட்டது என்று வங்கியிலிருந்து தகவல் வருவதாக வைத்துக்கொள்வோம். அந்த நொடியே நெஞ்சு படபடக்கிறது. உள்ளங்கை வியர்க்கிறது. நாக்கு வறள்கிறது. வயிற்றைப் பிசைகிறது. வந்தது வெறும் செய்திதான். ஆனால் தலை முதல் கால் வரை உடம்பு மாறிவிடுகிறது.

இந்த மாற்றத்தை முறையாக விளக்கியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் வால்ட்டர் கேனன். ஆபத்து எதிர்ப்பட்டதும், எதிர்த்து நிற்கவோ தப்பி ஓடவோ உடம்பு தன்னைத் தயார் செய்துகொள்கிறது என்று 1915ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் அவர் எடுத்துக்காட்டினார். சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள், அட்ரினலின் என்னும் சுரப்பு நீரை இரத்தத்தில் விடுகின்றன. இதயம் வேகமாகத் துடிக்கிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. கல்லீரல் தன்னிடம் சேர்த்து வைத்த சர்க்கரையை இரத்தத்துக்கு அனுப்புகிறது. காயம் பட்டால் குருதி வீணாகாமல் இருக்க, இரத்தம் விரைவில் உறையத் தயாராகிறது. அந்த நேரத்துக்குத் தேவையில்லாத செரிமான வேலை மட்டுப்படுத்தப்படுகிறது.

கொல்லையில் பாம்பைக் கண்டு ஓடுகிறவருக்கு இந்த ஏற்பாடு உயிர் காக்கும். ஓடி முடித்து, பாம்பும் போய்விட்டால் சிறிது நேரத்தில் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நம் தொழிலில் வரும் பாம்புகள் அப்படிப் போவதில்லை. வராத கடன், கட்ட வேண்டிய வட்டி, ஏறி இறங்கும் பருப்பு விலை, எதிரில் திறக்கப்படும் பெரிய அங்காடி, கடை உரிமையாளர் கேட்கும் கூடுதல் வாடகை ஆகிய எல்லாமே மாதக்கணக்கில் நிற்பவை. ஓடவும் முடியாது, அடிக்கவும் முடியாது. நாற்காலியில் அமர்ந்தபடியே உடம்பு மட்டும் சண்டைக்குத் தயாராகிக்கொண்டே இருக்கிறது.

அபாய மணி ஓயாமல் அடித்தால்

கனடா நாட்டின் மாண்ட்ரியல் நகரில் பணியாற்றிய ஹான்ஸ் செல்யே என்ற மருத்துவ விஞ்ஞானி, 1936ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சோதனை எலிகளைக் குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு, நச்சு மருந்து என்று பல வகைத் துன்பங்களுக்கு அவர் உட்படுத்தினார். துன்பம் எதுவாக இருந்தாலும் உடம்பு ஏறக்குறைய ஒரே விதமாகப் பாதிக்கப்படுவதைக் கண்டார். முதலில் அதிர்ச்சி, அடுத்து ஈடுகொடுத்துச் சமாளித்தல், துன்பம் நீங்காவிட்டால் கடைசியில் சோர்ந்து விழுதல். இவையே அவர் வகுத்த மூன்று நிலைகள்.

நம்மில் பலர் இரண்டாவது நிலையில் ஆண்டுக்கணக்கில் இருக்கிறோம். "எனக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன்" என்று சொல்லிக்கொள்வதும் இந்த நிலையில்தான். வெளியே ஒன்றும் தெரியாது. உள்ளே கார்டிசோல் என்னும் மற்றொரு சுரப்பு நீர் அளவுக்கு மேல் சுரந்து இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும், தூக்கத்தைக் கெடுக்கும், இடுப்பைச் சுற்றிக் கொழுப்பு சேர்வதற்கு இடம் கொடுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்.

இது வெறும் ஊகம் அல்ல. மறதி நோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பராமரித்து மனம் நொந்திருந்த 13 பெண்களையும், அத்தகைய சுமை இல்லாத மற்ற 13 பெண்களையும் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தினர் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோருடைய கையிலும் ஒரே அளவில் மிகச் சிறிய காயம் செய்யப்பட்டது. சுமை உள்ளவர்களுக்கு அந்தக் காயம் ஆற மற்றவர்களைவிடச் சராசரியாக 9 நாள்கள் கூடுதலாயின. 1995இல் வெளியான இந்த ஆய்வு, மனச்சுமை தோலின் மேல் உள்ள சிறு புண்ணைக்கூட விட்டுவைப்பதில்லை என்று காட்டியது.

கணக்கர்களின் இரத்தம் சொன்ன செய்தி

வணிகர்கள் கட்டாயம் அறிய வேண்டிய ஆய்வு ஒன்று உண்டு. சான்பிரான்சிஸ்கோ நகர இதய மருத்துவர்களான மேயர் ஃப்ரீட்மன், ரே ரோசன்மன் இருவரும் தம் குழுவினருடன் 40 கணக்கர்களை ஆறு மாத காலம் தொடர்ந்து கவனித்தார்கள். அமெரிக்காவில் ஏப்ரல் 15ஆம் தேதி வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள். அந்த நாள் நெருங்க நெருங்கக் கணக்கர்களின் இரத்தத்தில் கொழுப்பு ஏறியது. இரத்தம் உறையும் நேரம் குறைந்தது. கெடு முடிந்து மே, ஜூன் மாதங்களில் வேலை தணிந்ததும் இரண்டும் பழைய அளவுக்குத் திரும்பின. அவர்களுடைய உணவிலோ உடல் எடையிலோ இந்த ஏற்றத்தை விளக்கும் மாற்றம் எதுவும் இல்லை. இந்த முடிவு 1958இல் வெளியானது.

இதே மருத்துவர்கள், எப்போதும் அவசரப்படும் குணம் உடையவர்களுக்கு மாரடைப்பு அதிகம் என்றும் பின்னர் சொன்னார்கள். அந்தக் கருத்தைப் பிற்கால ஆய்வுகள் முழுமையாக ஏற்கவில்லை. வேகமாக வேலை செய்வது தவறில்லை. அடக்கி வைத்த பகையும் அடிக்கடி பொங்கும் சினமும்தான் இதயத்துக்குக் கெடுதல் என்ற அளவில் இன்று அது நிற்கிறது.

அமெரிக்கக் கணக்கருக்கு ஆண்டுக்கு ஓர் ஏப்ரல் 15. நமக்கோ 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு, மாத அறிக்கை தருவோருக்கு மாதந்தோறும் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் கெடு நாள்கள். பில்களையெல்லாம் ஒரு பையில் திணித்து வைத்துவிட்டு 18ஆம் தேதி இரவு எடுத்துக் கொட்டினால் மனம் பதறாமல் என்ன செய்யும்? வாரம் ஒரு நாள் கொள்முதல் பில்களைக் கணக்கரிடம் சேர்த்துவிட்டால் அந்தப் பதற்றத்தில் பாதி குறையும். ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய் வரை உள்ளவர்கள், வரியை மாதந்தோறும் செலுத்திவிட்டு அறிக்கையை மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் முறை 2021 ஜனவரி முதல் உள்ளது. அது தமக்கு ஏற்றதா என்று கணக்கரிடம் கேட்டறியலாம். இதை ஒரு மருத்துவ ஆலோசனையாகவே எடுத்துக்கொள்ளலாம்.

நாற்காலியில் அமர்ந்தவரும் படியேறியவரும்

மனம் உடம்பைப் பாதிப்பது போலவே உடம்பின் அசைவும் அசைவின்மையும் நம் நலத்தைத் தீர்மானிக்கின்றன. இலண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் வேலை செய்தவர்களை ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தார். ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநர் டிக்கெட் கொடுக்க நாள் முழுவதும் மாடிப்படி ஏறி இறங்குவார். இருவரும் ஒரே நிறுவனத்தில், ஒரே வண்டியில் வேலை செய்பவர்கள். ஆனாலும் ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. 1953இல் வெளியான இந்த ஆய்வே உடற்பயிற்சிக்கும் இதயத்துக்கும் உள்ள தொடர்பை உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தது.

நம் கடையில் யார் ஓட்டுநர், யார் நடத்துநர் என்பதைச் சொல்லத் தேவையில்லை. நம் தந்தையர் காலத்தில் முதலாளியும் மூட்டை தூக்கினார். கிடங்குக்கும் கடைக்கும் பத்து முறை நடந்தார். இன்று கிடங்குக்குச் சொல்லத் தொலைபேசி இருக்கிறது. வீட்டுக்குப் போக இருசக்கர வண்டி இருக்கிறது. காலை 6 மணிக்கு அமர்ந்தால் இரவு 10 மணி வரை நாற்காலிதான். சண்டைக்குத் தயாராகும் உடம்பு, அந்தச் சக்தியைச் செலவிட வழியில்லாமல் அமர்ந்திருக்கிறது. சிக்கல் இரட்டிப்பாவது இங்கேதான்.

எல்லாவற்றுக்கும் மனமே காரணம் அல்ல

இவ்வளவு சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கையும் அவசியம். வயிற்றுப்புண் என்றாலே கவலையும் காரமும்தான் காரணம் என்று நெடுங்காலம் மருத்துவர்களே நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரைச் சேர்ந்த பாரி மார்ஷல், ராபின் வாரன் என்ற இரு மருத்துவர்கள், வயிற்றுப்புண் உள்ளவர்களில் பெரும்பாலோரின் இரைப்பையில் ஒரு வகைக் கிருமி இருப்பதை 1980களின் தொடக்கத்தில் கண்டார்கள். மற்றவர்கள் நம்பாததால் 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சிக்கு ஆளாகிக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்று வயிற்றுப்புண்ணுக்குக் கிருமிக்கொல்லி மருந்து உண்டு. அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும் புண்ணுக்கு ஒரு காரணம். ஆகவே "எல்லாம் டென்ஷன்தான், தானாகச் சரியாகிவிடும்" என்று ஆண்டுக்கணக்கில் வயிற்றெரிச்சலைப் பொறுத்துக்கொள்வது அறிவுடைமை ஆகாது.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதைவிட நயவஞ்சகமானவை. இரண்டும் பல ஆண்டுகள் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023இல் வெளியானது. அதன்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. வயது வந்தோரில் மூவரில் ஒருவருக்கும் மேல் உயர் இரத்த அழுத்தம் உள்ளது. இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் தொடர்ந்து இருந்தாலும், வெறும் வயிற்றில் சர்க்கரை 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் இருந்தாலும் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். மூச்சுப் பயிற்சி தொடங்கிவிட்டோம் என்று மாத்திரையை நாமாக நிறுத்துவது பேராபத்து. பயிற்சி மருந்துக்குத் துணை நிற்கும். மருந்தின் இடத்தைப் பிடிக்காது. 2021 ஆகஸ்டில் தமிழகத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இவ்விரு நோய்களுக்கும் வீடு தேடி மாத்திரை வருகிறது.

மற்றொன்று. நடு நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, காரணமில்லாத வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை தோன்றினால் "வாயுப் பிடிப்பு" என்று சொல்லிச் சோடா குடித்துவிட்டு வியாபாரத்தைத் தொடராதீர்கள். உடனே 108க்கு அழையுங்கள். கடையை அடைப்பதற்கும் கல்லாவைப் பூட்டுவதற்கும் ஆள் இருப்பார்கள்.

மனஉறுதி என்றால் என்ன?

மனஉறுதி உள்ளவர் என்றால் எதற்கும் கலங்காதவர் என்று நினைக்கிறோம். அப்படி ஒருவரும் இல்லை. கலங்கிய பின் விரைவில் நிதானத்துக்குத் திரும்பத் தெரிந்தவரே உறுதி படைத்தவர். திருக்குறளின் 63ஆம் அதிகாரத்துக்கு 'இடுக்கண் அழியாமை' என்று பெயர். இடுக்கண் வராமல் இருப்பதைப் பற்றியது அல்ல அந்த அதிகாரம். வந்த பிறகு அழியாமல் நிற்பதைப் பற்றியது. உடம்பின் மொழியில் சொன்னால், அடித்த அபாய மணியை நிறுத்தத் தெரிவதுதான் அது. இதற்கான வழிகள் சிலவற்றை நம் கடை நேரத்துக்கு ஏற்றபடி கீழே காண்போம்.

1. மூச்சு. இதயத்தைத் தட்டி ஓட்டும் நரம்புகள் இருப்பது போல அதை அடக்கி நிதானப்படுத்தும் நரம்பும் உண்டு. வேகஸ் என்பது அதன் பெயர். அந்த நரம்பு ஒரு வேதிப்பொருளைச் சுரந்தே இதயத்தை மெதுவாக்குகிறது என்பதை ஆட்டோ லூவி 1921இல் தவளை இதயத்தைக் கொண்டு நிரூபித்து, பின்னர் நோபல் பரிசு பெற்றார். இந்த நரம்பை நாம் கட்டளையிட்டு இயக்க முடியாது. ஆனால் மூச்சை வெளியே விடும்போது அதன் வேலை கூடுகிறது. இதயத் துடிப்பு சற்றுக் குறைகிறது. ஆகவே மூச்சை நிதானமாக வெளிவிடுவதே நம் கையில் உள்ள கடிவாளம்.

முறை எளிது. முதுகை நிமிர்த்தி அமர்ந்து, மூக்கின் வழியே 4 எண்ணும் வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும் வரை மெதுவாக வெளியே விட வேண்டும். நிறுத்தி அடக்கத் தேவையில்லை. நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற கணக்கில் 5 நிமிடம் போதும். இலத்தீன் மொழியில் செபமாலை சொல்பவர்களும் பௌத்த மந்திரம் ஓதுபவர்களும் தம்மை அறியாமலே ஏறக்குறைய இதே அளவில், நிமிடத்துக்கு 6 முறை, மூச்சு விடுவதை இத்தாலிய மருத்துவர்கள் 23 பேரிடம் சோதித்து 2001இல் தெரிவித்தார்கள். காலையில் கடை திறந்து விளக்கேற்றிச் சாமி கும்பிடும் நேரத்தையோ தொழுகைக்கும் செபத்துக்கும் ஒதுக்கும் நேரத்தையோ அவசரமில்லாமல் செய்வது உடம்புக்கும் நல்லது என்பது இதனால் விளங்கும். முறையாகப் பிராணாயாமம் கற்க விரும்புவோர் தகுந்த ஆசிரியரிடம் கற்க வேண்டும். சென்னையில் வாழ்ந்து 1989இல் மறைந்த யோக ஆசான் திருமலை கிருஷ்ணமாச்சாரியார், பயிற்சியை ஆளுக்கு ஏற்றபடி மாற்றிக் கொடுக்க வேண்டும் என்றே கற்பித்தார்.

வாடிக்கையாளர் ஒருவர் காரணமின்றிக் கத்தும்போதும் இது கைகொடுக்கும். பதில் சொல்வதற்கு முன் ஒரே ஒரு மூச்சை நீளமாக வெளியே விடுங்கள். வாய் வரை வந்த சொல் நின்றுவிடும், வாடிக்கையாளரும் நிற்பார்.

2. நடை. வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமான நடை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதற்குப் பூங்காவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. காலையில் கடைக்கு நடந்தே வாருங்கள். மதிய உணவுக்குப் பிறகு 10 அல்லது 15 நிமிடம் தெருவில் நடந்தால் உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை மட்டுப்படும். மணிக்கு ஒருமுறை எழுந்து, மேல் தட்டில் உள்ள சரக்கை நீங்களே எடுத்துக் கொடுங்கள். இருப்பையும் காலாவதித் தேதியையும் நீங்களே நின்று சரிபார்த்தால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

3. உணவு. பகல் சாப்பாட்டை 4 மணிக்கும் இரவுச் சாப்பாட்டை 11 மணிக்கும் வைத்துக்கொண்டு, இடையில் ஆறு முறை தேநீரும் வடையும் சாப்பிடுவது நம் வழக்கமாகிவிட்டது. கடையைப் பூட்டி வர முடியாவிட்டால் 1 மணிக்குச் சாப்பாடு கடைக்கு வரட்டும். அந்த 20 நிமிடம் கல்லாவை மகனோ மனைவியோ நம்பிக்கையான பணியாளரோ பார்த்துக்கொள்ளட்டும். ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஊறுகாய், அப்பளம், மிக்சர் எல்லாம் நம் கடையிலேயே இருப்பதால் நமக்குக் கூடுதல் கட்டுப்பாடு தேவை. மன அலுப்புக்கு மருந்து என்று பீடி, சிகரெட், புகையிலை, மது ஆகியவற்றை நாடுவோர், அவை இரத்த அழுத்தத்தையும் கவலையையும் ஒருசேரக் கூட்டுகின்றன என்பதை அறிய வேண்டும்.

4. தூக்கம். சிகாகோ பல்கலைக்கழகத்தில் நல்ல உடல்நலமுள்ள 11 இளைஞர்களை 6 இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே தூங்க விட்டார்கள். அந்தச் சில நாள்களிலேயே அவர்கள் உடம்பு சர்க்கரையைக் கையாளும் திறன், நீரிழிவின் தொடக்க நிலையில் இருப்பவர்களைப் போலக் குறைந்துவிட்டது. இது 1999இல் வெளியான முடிவு. பண்டிகைக் காலத்தில் நாம் இதே சோதனையை நம் உடம்பின் மேல் தொடர்ந்து நடத்துகிறோம். பெரியவர்களுக்கு இரவில் 7 மணி நேரத் தூக்கம் தேவை.

படுத்தாலும் கணக்கு மனத்தில் ஓடுகிறதே என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. படுக்கும் முன் 5 நிமிடம், மறுநாள் செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதியவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சில நிமிடங்கள் முன்னதாகவே தூங்கிவிட்டதை 2018இல் அமெரிக்காவில் 57 பேரிடம் நடத்திய ஆய்வு காட்டியது. தலையில் இருப்பதைத் தாளுக்கு மாற்றுவது நமக்குப் புதிதல்ல. நாள்வழிக் கணக்கை முடிக்கும்போதே "நாளை: வசூல் யாரிடம், கொள்முதல் என்ன, செலுத்த வேண்டியது எவ்வளவு" என்று மூன்று வரி எழுதி வைத்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

5. கடனுக்கு எல்லை. பிரிட்டிஷ் அரசு ஊழியர்களிடையே 1967இல் தொடங்கிய 'வைட்ஹால்' ஆய்வில், உயர் அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்களுக்கு மாரடைப்பு மரணம் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருந்தது. புகைப்பழக்கம் போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பிறகும் வேறுபாடு மறையவில்லை. தன் வேலை தன் கட்டுப்பாட்டில் இல்லை என்ற நிலை உடம்பை அரிக்கிறது என்பதைப் பிற்கால ஆய்வுகள் எடுத்துக்காட்டின. வணிகருக்குக் கட்டுப்பாடு கைநழுவும் இடம் பெரும்பாலும் கடன்தான். பருப்பு விலை நம் கையில் இல்லை; யாருக்கு எவ்வளவு கடன் கொடுப்பது என்பது நம் கையில் உண்டு. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஓர் உச்சவரம்பு, பழைய நிலுவை தீராமல் புதிய கடன் இல்லை என்ற விதி, கந்துவட்டிக்குக் கைநீட்டாமை ஆகிய மூன்றும் கடைக்கு மட்டுமல்ல, இரத்த அழுத்தத்துக்கும் நல்லவை.

6. ஓய்வு. மே 5 வணிகர் தினத்தன்று கடையை அடைக்கிறோம். ஆண்டின் மற்ற நாள்களில் வாரம் அரை நாளாவது முதலாளிக்கு ஓய்வு வேண்டும். பணியாளர்களையும் இதில் மறக்கக்கூடாது. 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டப்படி அவர்களுக்கு வாரம் ஒரு முழு நாள் விடுமுறை உண்டு. அவர்கள் அமர இருக்கை அளிக்க வேண்டும் என்று 2021இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நாள் முழுவதும் நின்றே கால் வீங்கிய பணியாளர் எடை போடுவதில் தவறு செய்வார். வாடிக்கையாளரிடம் எரிந்து விழுவார். அதன் நட்டமும் மனக்கசப்பும் முதலாளிக்கே வந்து சேரும்.

7. மனம் விட்டுப் பேசுதல். நட்டத்தை வீட்டில் சொல்லாமல் மறைப்பதை ஆண்மை என்று நினைப்பவர்கள் நம்மில் ஏராளம். கடன்காரர் வாசலுக்கு வந்த பிறகுதான் மனைவிக்கே தெரியவருகிறது. பங்கிட்ட சுமை பாதியாகும். வீட்டாரிடமும், நம்பிக்கையான ஒரு சக வணிகரிடமும் உண்மை நிலையைச் சொல்லுங்கள். தொடர்ந்து இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் பிடிப்பின்மை, காரணமற்ற அழுகை இருந்தால் அது மனநோய் மருத்துவர் பார்க்க வேண்டிய நிலை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு நொடி தோன்றினாலும் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட மைய அரசின் இந்த இலவச மனநலச் சேவையில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம். கடன் என்பது பேசித் தீர்க்கக்கூடியது. தவணை கேட்கலாம், இருப்பை விற்கலாம், கடையைச் சிறிதாக்கலாம், சங்கத்தை நடுவில் வைத்துப் பேசலாம். போன உயிரை மட்டும் திரும்பக் கொள்முதல் செய்ய முடியாது.

சங்கங்கள் செய்ய வேண்டியது

மேற்சொன்ன ஏழையும் நாளையே தொடங்க வேண்டும் என்பதில்லை. முதல் மாதம் மூச்சுப் பயிற்சியும் மதிய நடையும் போதும். அடுத்த மாதம் தூக்கத்தைச் சீர்செய்யலாம். ஆனால் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். அதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

கிளைச் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதாந்திரக் கூட்டத்தின் முதல் அரை மணி நேரத்தை இதற்கு ஒதுக்குங்கள். உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையத்தைக் கேட்டு ஒரு செவிலியரை வரவழைத்து, உறுப்பினர்களுக்கும் கடைப் பணியாளர்களுக்கும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். நாலைந்து கூட்டங்களாக வராத உறுப்பினர் யார் என்று பதிவேட்டைப் புரட்டிப் பாருங்கள். அவர் கடைக்கு இரண்டு பேர் நேரில் சென்று, நிலுவைச் சந்தா கேட்காமல், "அண்ணாச்சி, எப்படி இருக்கிறீர்கள்?" என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். வணிகருக்கு வணிகர் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவாகவே இருக்கலாம்.